எண்ணெய் பாட்டிலில் தேதி எழுதுங்கள்: குறைந்த செலவில் கொழுப்பைக் குறைத்து எடை குறைக்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டில் நான்கு பேர். மாதம் 5 லிட்டர் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தோம். கடலை எண்ணெய் 2, சூரியகாந்தி 2, நல்லெண்ணெய் 1. மளிகைச் சீட்டில் வருஷக்கணக்காக அதே வரிசையில் எழுதி வந்ததால், அது அதிகமா குறைவா என்று யோசித்ததே இல்லை. என் எடை 78 கிலோவைத் தொட்ட பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். 5 லிட்டரை நான்கு பேருக்கு, 30 நாளுக்குப் பிரித்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 38 கிராம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. எண்ணெயாக மட்டுமே ஒவ்வொருவரும் தினம் 340 கலோரி சாப்பிட்டிருக்கிறோம். தேங்காய், பால், வேர்க்கடலையில் இருக்கிற கொழுப்பு இதில் சேராது.

இப்போது அதே வீட்டுக்கு இரண்டரை லிட்டர் போதுகிறது. ஒன்பது மாதத்தில் நான் 69 கிலோவுக்கு வந்தேன். மாத மளிகைச் செலவு ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியது. எப்படி என்பதை என் சமையலறையில் நடந்த வரிசைப்படியே சொல்கிறேன். நான் மதுரைக்காரன், சாப்பாடு எல்லாம் எங்கள் பக்கத்துச் சாப்பாடுதான். உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏன் கொழுப்பைக் குறைக்க வேண்டும்?

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கொழுப்பைக் குறைத்தால்தான் எடை குறையும் என்பதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கொழுப்பையும் மறு பகுதிக்கு மாவுச்சத்தையும் குறைத்து ஒரு வருஷம் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. எதைக் கடைசி வரை கடைப்பிடிக்க முடிகிறதோ அதுதான் வேலை செய்கிறது.

நம் வீட்டில் எது கடைப்பிடிக்க முடியும்? சோற்றையும் இட்லியையும் அடியோடு நிறுத்தினால் அந்த இடத்தில் கோழி, பனீர், பாதாம் என்று வைக்க வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. கொழுப்பைக் குறைக்கும்போது கதை வேறு. குறைக்கப்போவது எண்ணெய், தேங்காய், நெய், பலகாரம், ஆட்டுக்கறி. எல்லாமே விலை கூடிய சாமான். கூட்டப்போவது கீரை, சுரைக்காய், கொள்ளு, மோர். ஒன்றில் மிச்சமாகும் பணம் இன்னொன்றை வாங்கித் தரும். சம்பளத்தை எண்ணிச் செலவு செய்கிற வீட்டுக்கு இந்த வழி பொருந்துகிறது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

யார் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது?

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், பித்தப்பையில் கல் இருப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பாட்டை மட்டும் குறைத்தால் ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். மருந்தின் அளவையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும், அதை டாக்டர்தான் செய்ய வேண்டும். சிறு குழந்தைகளுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். வளர்கிற பிள்ளைக்குக் கொழுப்பு தேவை. அவர்கள் இட்லியில் ஒரு கரண்டி நெய் விட்டுக்கொடுங்கள்.

முதல் படி: உடம்பை அளந்து எழுதுங்கள்

இது ஐந்து நிமிஷ வேலை. காலையில் எழுந்து பாத்ரூம் போய் வந்ததும் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். டெய்லர் டேப்பால் இடுப்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடியிருக்கிறது என்று பொருள். பி.எம்.ஐ. என்பது கிலோ எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண். இந்தியர்களுக்கு அது 23-க்கு மேல் போனாலே கூடுதல் எடை, 25-க்கு மேல் உடற்பருமன் என்று கொள்கிறார்கள். 155 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு 25 என்பது 60 கிலோ, 165 செ.மீ. உயரத்துக்கு 68 கிலோ. அதன் பிறகு வாரம் ஒரே ஒரு நாள் எடை பார்த்தால் போதும். தினமும் பார்த்தால் உப்பும் தண்ணீரும் ஏற்றி இறக்கிக் காட்டி மனதைக் கெடுக்கும்.

இரண்டாம் படி: எண்ணெய் பாட்டிலில் தேதி எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். புது எண்ணெய் பாக்கெட்டைப் பிரித்துப் பாட்டிலில் ஊற்றும்போது மார்க்கர் பேனாவால் அன்றைய தேதியை எழுதுங்கள். தீர்ந்த அன்று எத்தனை நாள் ஓடியது என்று பாருங்கள். முதல் மாதம் எதையும் மாற்ற வேண்டாம், எழுத மட்டும் செய்யுங்கள். எங்கள் வீட்டில் ஒரு லிட்டர் ஆறே நாளில் தீர்ந்தது.

அடுத்த மாதம் ஒரு லிட்டர் 12 நாள் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு இது தலைக்குச் சுமார் 20 மில்லி, அதாவது நாலு டீஸ்பூன், 19 கிராம் கொழுப்பு. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாளைக்கு 27 கிராம் எண்ணெய், நெய் போதும் என்கிறது. எடை குறைக்க நினைப்பவருக்கு 20-ஐ ஒட்டி நிற்பது சரியாக இருக்கும். ஒரேயடியாகப் பாதியாக்க முடியாவிட்டால் முதலில் எட்டு நாள், அப்புறம் பத்து நாள் என்று போகலாம்.

பாட்டிலிலிருந்து நேரே வாணலியில் ஊற்றுவதை நிறுத்துங்கள். எங்கள் அம்மா ஊற்றும்போது பக்கத்தில் நின்று ஒரு தடவை அளந்து பார்த்தேன். "கொஞ்சமாத்தான்டா விட்டேன்" என்றார். கத்தரிக்காய்ப் பொரியலுக்கு மட்டும் 70 மில்லி போயிருந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பாட்டில் வாய் வழியாக வருவதைக் கண்ணால் அளக்க யாராலும் முடியாது. இப்போது அடுப்பு மேடையில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறது. காலையில் அதில் 80 மில்லி அளந்து ஊற்றி, மேலே ஒரு டீஸ்பூன் வைத்துவிடுவோம். அன்றைய மூன்று வேளைக்கும் அதுதான். தோசை நாளென்றால் மத்தியானம் கூட்டும் ரசமுமாகப் பார்த்துக்கொள்வார் அம்மா. யாரும் சொல்ல வேண்டியதில்லை, கிண்ணமே சொல்லும்.

எந்த எண்ணெய் நல்லது என்று கேட்பார்கள். கலோரியில் எல்லா எண்ணெயும் ஒன்றுதான். செக்கில் ஆட்டியதற்கும் 9 கலோரி, ரேஷன் பாமாயிலுக்கும் 9 கலோரி. ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைப்பதால் கை தாராளமாகிவிடும், அங்கே கவனம் தேவை. அதில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுகிற நிறைவுற்ற கொழுப்பும் கூடுதல், அதனால் அதை மட்டுமே நம்ப வேண்டாம். இன்னொரு யோசனையும் உண்டு. லிட்டர் 150 ரூபாய் என்று வைத்தாலும் இரண்டரை லிட்டர் குறைந்தால் மாதம் 375 ரூபாய் மிச்சம். அதில் ஒரு பங்கைக் கொண்டு தாளிக்க மட்டும் நல்ல செக்கு நல்லெண்ணெய் வாங்கலாம். மணமுள்ள எண்ணெய் ஒரு டீஸ்பூன் செய்கிற வேலையை மணமில்லாத எண்ணெய் நாலு டீஸ்பூன் செய்யாது.

மூன்றாம் படி: சமைக்கும் முறையை மாற்றுங்கள்

எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டு அதே முறையில் சமைத்தால் பொரியல் அடிப்பிடிக்கும், குழம்பு சப்பென்று இருக்கும், நான்கே நாளில் வீட்டில் சண்டை வரும். முறையும் சேர்ந்து மாற வேண்டும்.

வெங்காயம் வதக்குவதிலிருந்து தொடங்கலாம். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு வெடித்ததும் வெங்காயத்தைப் போட்டு, அந்தக் கணமே உப்பையும் போட்டு, தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். உப்பு வெங்காயத்திலுள்ள தண்ணீரை வெளியே இழுக்கும். அந்தத் தண்ணீரிலேயே அது வதங்கும். மூன்று நிமிஷம் கழித்துத் திறந்தால் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். பிறகு மூடாமல் கிளறினால் ஓரம் சிவக்கும். அடி பிடிப்பது போலிருந்தால் ஒரு கை தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிடுங்கள். அந்தச் சிவப்பில்தான் ருசி இருக்கிறது. தக்காளியும் இதே மாதிரிதான்.

கத்தரிக்காய் பஞ்சு மாதிரி. எண்ணெயை எவ்வளவு விட்டாலும் குடிக்கும். அதனால் முதலில் இட்லித் தட்டில் வைத்து ஆறு ஏழு நிமிஷம் ஆவியில் வேகவிட்டு, அப்புறம் தாளித்துப் புரட்டுங்கள். வெந்த கத்தரிக்காய் எண்ணெய் குடிக்காது. உருளைக்கிழங்கு வறுவலுக்கும் இதுவே. வேகவைத்து, மிளகாய்த்தூள் உப்புப் பிசறி, இரும்புத் தோசைக்கல்லில் ஒவ்வொரு துண்டாகப் பரப்பி, இரண்டு டீஸ்பூன் எண்ணெயை ஓரமாக விட்டு, கிளறாமல் விட்டுவிடுங்கள். கிளறிக்கொண்டே இருந்தால் மொறுமொறுப்பு வராது. ஒரு பக்கம் சிவந்த பிறகு திருப்பினால் போதும். வெண்டைக்காய்க்கு அகலமான வாணலி வேண்டும். கழுவித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு நறுக்கி, ஒரு ஸ்பூன் தயிரோ புளித்தண்ணீரோ விட்டால் வழவழப்பு போய்விடும்.

புளிக்குழம்பில்தான் அம்மா ரொம்ப நாள் விட்டுக்கொடுக்கவில்லை. எண்ணெய் மேலே மிதக்காவிட்டால் அது குழம்பே இல்லை என்பார். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. சின்ன வெங்காயம், பூண்டு, காய் எல்லாவற்றையும் புளித்தண்ணீரிலேயே மிளகாய்த்தூளோடு கொதிக்கவிட்டுச் சுண்டவைக்க வேண்டும். இறக்குகிற நேரத்தில் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து மேலே கொட்டி உடனே மூடிவிட வேண்டும். சாப்பிடும்போது முதலில் மூக்குக்கு வருவது நல்லெண்ணெய் வாசம். முன்பு அரை டம்ளர் எண்ணெய் கொதித்துக் கொதித்து அந்த வாசமெல்லாம் போயிருக்கும். இப்போது இதைத்தான் அவரும் செய்கிறார்.

தோசைக்கு நன்றாகப் பழகிய இரும்புக் கல் இருந்தால் நான்ஸ்டிக் தேவையில்லை. பாதியாக அறுத்த வெங்காயத்தைக் கரண்டிக் காம்பில் குத்தி, எண்ணெயில் லேசாகத் தொட்டுக் கல் முழுக்கத் தேய்த்தால் ஒரு டீஸ்பூனில் ஐந்து ஆறு தோசை வந்துவிடும். ஆனால் வாரத்தில் பாதி நாள் இட்லியாக இருக்கட்டும். இட்லியில் கொழுப்பு அனேகமாக இல்லை. பொடிக்குக் குழித்து ஊற்றும் எண்ணெய்தான் அதைக் கெடுக்கிறது. பொடியை மோரில் குழைத்துப் பாருங்கள், புளிப்போடு நன்றாகவே இருக்கும்.

வடையை மறக்கச் சொல்ல மாட்டேன். பருப்பு வடை மாவைக் குழிப்பணியாரக் கல்லில், குழிக்கு நாலைந்து சொட்டு எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் வேகவிட்டால் வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே மிருதுவாகவும் வரும். எண்ணெய்ச் சட்டி வைக்காததில் இன்னொரு நன்மையும் உண்டு. பொரித்த பிறகு மிஞ்சுகிற அரை லிட்டரைக் கொட்ட மனம் வராமல் நாலு நாள் குழம்பிலும் பொரியலிலும் விட்டுத் தீர்ப்போம். பலமுறை காய்ந்த எண்ணெய் உடம்புக்குக் கெடுதல் என்பதோடு, எண்ணெய்க் கணக்கு எகிறுவதும் அந்த நாட்களில்தான். அப்பளத்தைச் சுட்டுச் சாப்பிடுங்கள்.

நான்காம் படி: பாட்டிலுக்கு வெளியே இருக்கிற கொழுப்பு

எண்ணெய் குறைந்தும் எடை குறையவில்லை என்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் தேங்காய்தான் காரணம். 100 கிராம் துருவிய தேங்காயில் 33 கிராமுக்கு மேல் கொழுப்பு. காலையில் சட்னி, மத்தியானம் பொரியலுக்குத் தூவல், குழம்புக்கு அரைத்துவிட்டது என்று ஒரு நாளைக்கு ஒரு காயே போய்விடும். ஒரு காயை மூன்று நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சட்னியில் தேங்காய் ஒரு கைப்பிடி, பொட்டுக்கடலை ஒரு கைப்பிடி, பச்சை மிளகாய், இஞ்சி என்று அரைத்தால் குழைவும் வரும், புரதமும் சேரும். தக்காளி வெங்காயச் சட்னி, புதினாத் துவையல், மல்லித் துவையல் என்று மாற்றிக்கொள்ளலாம். பீர்க்கங்காய் வாங்கினால் தோலைத் தூக்கிப் போடாதீர்கள். காய் கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. ஒரு காசில் இரண்டு பதார்த்தம்.

அடுத்தது பால். பாக்கெட்டில் கொழுப்பு அளவு போட்டிருக்கும். நிறைகொழுப்புப் பால் 6 சதவீதம், நிலைப்படுத்தியது 4.5, சமன்படுத்தியது 3, இருமுறை சமன்படுத்தியது 1.5. தினம் ஒரு லிட்டர் வாங்குகிற வீட்டில் 6-லிருந்து 3-க்கு மாறினால் 30 கிராம் கொழுப்பு குறைகிறது, பாக்கெட் விலையும் குறைகிறது. காபிக்கு இது தண்ணீராக இருக்கிறது என்று ஒரு வாரம் தோன்றும், பிறகு பழகிவிடும். தயிருக்கும் அதே பால்தான். தயிரை மோராகப் பெருக்குங்கள். ஒரு டம்ளர் தயிரில் நாலு டம்ளர் மோர், கறிவேப்பிலை, இஞ்சி, உப்பு. பசியோடு சோற்றின் முன் உட்காருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் ஒரு டம்ளர் குடித்தால் சோறு தானாகக் குறையும்.

வேர்க்கடலை நல்லதுதான். ஆனால் அதன் எடையில் பாதிக்குக் கிட்ட கொழுப்பு. அவித்ததோ வறுத்ததோ, ஒரு கைப்பிடியோடு நிறுத்த வேண்டும். பேக்கரி பஃப்ஸ், பிஸ்கட், கேக் எல்லாவற்றிலும் வெண்ணெய்க்கோ டால்டாவுக்கோ பஞ்சமே இருக்காது. கடையில் லோ ஃபேட் என்று அச்சடித்ததைக் கண்டு ஏமாற வேண்டாம். திடப் பொருளில் 100 கிராமுக்கு 3 கிராம் கொழுப்புக்கு மேல் இல்லாவிட்டால் அப்படிப் போட்டுக்கொள்ளலாம் என்பது சட்டம். சர்க்கரை எவ்வளவு என்பதை அந்தச் சொல் சொல்லாது, பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பசி அடங்கப் பருப்பு வேண்டும்

கொழுப்பு குறைந்தால் பசி சீக்கிரம் எடுக்கும். அந்த இடத்தைப் புரதமும் நாரும் நிரப்பாவிட்டால் சோறு நிரப்பிவிடும். பலர் இங்கேதான் தோற்றுப்போகிறார்கள்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று நம் ஊரில் சொல்வார்கள். கொள்ளு தின்றால் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்துவிடும் என்று சிலர் பொருள் சொல்கிறார்கள். அப்படிக் கரைக்கிற தானியம் எதுவும் இல்லை. ஆனாலும் பழமொழியில் உண்மை இருக்கிறது. எள்ளின் எடையில் பாதி எண்ணெய். கொள்ளில் 100 கிராமுக்குப் புரதம் 22 கிராம், கொழுப்போ ஒரு கிராம்கூட இல்லை. ஒரு கிலோ கொள்ளில் இருக்கிற புரதத்தைப் பெற 35 முட்டைக்கு மேல் வேண்டும். உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கொள்ளுப் பயறை வாசம் வர வெறும் வாணலியில் வறுத்து, கல் பார்த்து, இரவே ஊறவையுங்கள். காலையில் குக்கரில் நிறையத் தண்ணீர் விட்டு ஏழெட்டு விசில் விட வேண்டும். வடித்த தண்ணீர் ரசத்துக்கு. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டால் சளி பிடித்த நாளில் அதைவிட வேறு இல்லை. வெந்த கொள்ளோடு சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், கொஞ்சம் மல்லி வதக்கிச் சேர்த்துக் கடைந்தால் கொங்கு நாட்டுக் கொள்ளுப் பருப்பு. ஒரே வேகவைப்பில் குழம்பும் ரசமும் ஆயிற்று, எண்ணெய் இரண்டு டீஸ்பூன்.

ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான்கு பேருக்குப் பிரித்தால் தலைக்கு நாளைக்கு 8 கிராம்தான். சாம்பார் தண்ணீராகத்தான் இருக்கும், அது மட்டும் போதாது. ஒருவருக்கு நாளைக்கு 60 கிராம் பருப்பு வகை என்று இலக்கு வையுங்கள். பச்சைப் பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு என்று மாற்றி மாற்றி வாங்கினால் அலுக்காது. மீல் மேக்கர் 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம், கொழுப்பு ஒரு கிராமுக்கும் கீழ். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தடவை பிழிந்தால்தான் அந்தச் சோயா வாடை போகும். உலர்ந்ததாக 25 கிராம் ஒருவருக்குப் போதும்.

முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், 5 கிராம் கொழுப்பு. தினம் ஒன்று அவித்துச் சாப்பிடலாம், மஞ்சள் கருவைத் தூக்கிப் போட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியை மாதம் ஒரு முறையாக்கி, மற்ற வாரங்களில் தோல் நீக்கிய கோழியோ மீனோ குழம்பாக வையுங்கள். நெத்திலியும் மத்தியும் வஞ்சிரத்தைவிடப் பல மடங்கு மலிவு. மத்தியில் கொழுப்பு உண்டு, ஆனால் இதயத்துக்கு நல்ல கொழுப்பு அது. அதற்கு மட்டும் நான் விலக்குக் கொடுப்பேன். வறுக்காமல் குழம்பில் போடுங்கள்.

ஆறாம் படி: சோற்றை ஆழாக்கில் அளங்கள்

சோற்றில் கொழுப்பு இல்லை, கலோரி உண்டு. ஒருவருக்கு ஒரு வேளைக்கு அரை ஆழாக்கு அரிசி, சுமார் 70 கிராம், 250 கலோரி. அதற்கு மேல் உலையில் போடாதீர்கள். பானையில் இருந்தால் தட்டுக்கு வந்துவிடும். தட்டில் முதலில் பாதி இடத்தைக் காய்கறிக்கும் கீரைக்கும் கொடுத்துவிட்டு, மீதியைச் சோறும் பருப்பும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். காபி, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு நாளைக்கு நாலு தடவை குடித்தால் 150 கலோரிக்கு மேல் போகிறது. எண்ணெயில் மிச்சம் பிடித்ததைச் சர்க்கரையில் தொலைக்க வேண்டாம். அரை ஸ்பூனாக்கி, இரண்டு டீயோடு நிறுத்தப் பாருங்கள்.

ஏழாம் படி: சந்தைக்குப் போகும் நேரம்

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கியது. இன்றும் வாரம் இரண்டு நாள் காலை அங்கேதான் போகிறேன். விலைப் பலகையை முதலில் ஒரு முறை படித்துவிட்டு, அன்று மலிவான நாலு காயை மட்டும் வாங்குவது என் வழக்கம். என்ன சமைப்பது என்று முடிவெடுத்துவிட்டுப் போனால் செலவு கூடும், என்ன மலிவோ அதைச் சமைப்பது என்று போனால் குறையும். சுரைக்காய், பூசணி, புடலங்காய், சௌசௌ, முள்ளங்கி, முட்டைகோஸ், வாழைத்தண்டு. எடை குறைக்க நல்ல காய்கள் எல்லாம் பெரும்பாலான நாட்களில் பலகையின் அடிவரிசையில் இருப்பவைதான். கீரை தினம் ஒரு கட்டு. முருங்கை மரம் தெருவில் இருந்தால் காசே வேண்டாம்.

ஏழெட்டு மணி நேரம் வெளியே இருப்பவர்களுக்கு

வேலைக்குப் போகிறவர்களுக்குச் சாயங்காலம் நாலரை மணிதான் ஆபத்தான நேரம். டீக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பஜ்ஜி சூடாக இருக்கும். வெறும் வயிற்றோடு அங்கே நிற்காமல் இருப்பதுதான் ஒரே வழி. சின்ன டப்பாவில் சுண்டல் கொண்டுபோங்கள். தேங்காய் போடாமல், மாங்காயும் வெங்காயமும் நறுக்கிப் போட்டால் கெடாமல் இருக்கும். பொரியும் பொட்டுக்கடலையும் கலந்து வைத்தால் வாரம் முழுக்க வரும். கொய்யா கிடைக்கிற காலத்தில் ஒரு கொய்யா. ராத்திரி ஓட்டலில் சாப்பிட நேர்ந்தால் பரோட்டா சால்னாவுக்குப் பதில் இட்லி சாம்பார் சொல்லுங்கள், பில்லும் பாதியாகும். பரோட்டா ஆசை எனக்கும் உண்டு. மாதம் ஒரு ஞாயிறு இரண்டு பரோட்டா, நிதானமாக, ரசித்து. அந்த ஒரு நாளால் எடை ஏறாது.

ஒரு நாள் எப்படி இருக்கும்?

காலையில் மூன்று இட்லி, சாம்பார், பொட்டுக்கடலைச் சட்னி, ஒரு அவித்த முட்டை. பதினொரு மணிக்கு மோர். மத்தியானம் அரை ஆழாக்கு அரிசிச் சோறு, கொள்ளுப் பருப்பு, கொள்ளு ரசம், முட்டைகோஸ் பொரியல், கீரை மசியல். சாயங்காலம் பச்சைப் பயறு சுண்டல், அரைச் சர்க்கரை டீ. ராத்திரி இரண்டு சப்பாத்தி எண்ணெய் விடாமல் சுட்டு, சுரைக்காய்க் கூட்டு. மொத்தக் கொழுப்பு சுமார் 40 கிராம் வரும், கலோரி 1500-ஐ ஒட்டி. இதற்குக் கீழே கொழுப்பை ரொம்பவும் இறக்காதீர்கள். ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடம்பில் ஒட்டக் கொழுப்பு வேண்டும். கொழுப்பே இல்லாமல் வேகமாக எடை குறைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ நல்ல வேகம். இதோடு தினம் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் எடை இறங்க உதவும்.

எடை நின்றுபோனால்

மூன்றாவது, நாலாவது மாதத்தில் நிற்கும். எனக்கு 73-இல் ஐந்து வாரம் நின்றது. உடம்பு இளைத்தால் அதற்குத் தேவையான கலோரியும் குறைகிறது, அதனால் இது நடப்பதுதான். ஆனால் அதைக் காரணமாக எடுத்துக்கொள்ளும் முன்பு பாட்டிலில் எழுதிய தேதியைப் பாருங்கள். நான் பார்த்தபோது பன்னிரண்டு நாள் வந்த லிட்டர் ஒன்பது நாளில் தீர்ந்திருந்தது. மழைக்காலம், வீட்டில் விருந்தாளி, இரண்டு தடவை பஜ்ஜி. யாரும் கவனிக்கவில்லை. எவர்சில்வர் கிண்ணம் அலமாரிக்குள் போயிருந்தது. மறுபடி எடுத்துக் கழுவி அடுப்பு மேடையில் வைத்தேன். மூன்றாவது வாரம் எடை 72 காட்டியது.